இணையத்தளம் பேசிய தமிழ்

கண்ணுக்குத் தெரியாத சாதனைகள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். கண் தெரியாதவர்களுக்கென்றே செய்யப்பட்டு, அவர்களுக்கு மட்டும் தெரியாமல் போன சாதனை ஒன்றே ஒன்றுதான். அது நிகழ்ந்த இடம், கஹவத்தை பஸ் மூச்சு வாங்கி ஏறும் பாதையோரம் இருக்கிற கலுகல்தென்ன பிரதேச சபை. நிகழ்த்தியவர் அச்சபையின் ஒரேயொரு தமிழ் உத்தியோகத்தர், திரு. யோகராஜ். வருங்காலத் தலைமுறை அவரைப் பற்றிப் படிக்கத்தான் போகிறது. எந்த எழுத்துருவில் படிக்கும் என்பதில்தான் சிக்கல்.

கலுகல்தென்ன பிரதேச சபை மும்மொழிக் கொள்கையை உயிராகப் போற்றும் சபை. அதாவது சிங்கள வேலையை எல்லோரும் பார்ப்பார்கள், ஆங்கில வேலையை யாரும் பார்க்க மாட்டார்கள், தமிழ் வேலையை யோகராஜ் பார்ப்பார். அவருடைய பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். அபிவிருத்தி என்று ஒன்று அவர் மேசைக்கு இதுவரை வந்ததில்லை. 'இங்கே எச்சில் துப்பாதீர்' என்ற பலகை முதல் தீபாவளி வாழ்த்துப் பதாகை வரைக்கும் தமிழில் எது தேவைப்பட்டாலும், "யோகராஜ் கோ?" என்று சிங்களத்தில் ஒரு குரல் கேட்கும். யோகராஜ் எங்கே என்று அர்த்தம். அவர் வந்து நிற்பார். ரெட்டைப்பாறைத் தோட்டத்துப் பணிய லயத்தில், கீழ்ப்பக்கத்து வரிசை வீடொன்றில் குடியிருந்து, ரப்பர் பால் வெட்டியவரின் மகன் இன்றைக்குச் சுழலும் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் சும்மாவா? அந்தக் கதிரை ஒரு பக்கம் மட்டும்தான் சுழலும் என்பது வேறு விஷயம்.

யோகராஜின் பெருமை அவருடைய தட்டச்சு. இளவயதில் பஸ் ஏறிப்போய்க் கற்றுக்கொண்ட பழைய தமிழ் எழுத்துருவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார். அந்த எழுத்துருவின் சூட்சுமத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பது தமிழ் உருவம். ஜீ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் 'ப' தெரியும். பார்க்கிறவருக்கு அது 'ப'. கணினிக்கு அது ஜீ, ஜீயைத் தவிர வேறில்லை. 'பிரதேச சபை' என்று யோகராஜ் அழகாகத் தட்டி முடித்தால், கணினி தன் மனசுக்குள் 'ஜீ பீ யூ என் ஜே ஆர், ஆர் ஐ ஜீ' என்று வைத்துக்கொள்ளும். கணினியின் மனசில் என்ன இருந்தால் நமக்கென்ன? இத்தனை வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை, அதுவும் வாய் திறந்து சொன்னதில்லை.

வாய் திறக்கும் காலம் ஒரு சுற்றறிக்கை வடிவில் வந்தது. உள்ளூராட்சி மன்றங்களின் இணையத்தளங்கள் இனிமேல் மாற்றுத்திறனாளிகளும் 'அணுகக்கூடியதாக' இருக்க வேண்டும். மிகச் சிறந்த தளத்துக்குக் கொழும்பில் இருக்கிற ஓர் அமைப்பு விருது தரும். வெற்றி பெற்ற சபையின் தவிசாளருக்குத் தாய்லாந்தில் 'அனுபவப் பகிர்வு' நடக்கும். கடைசி வாக்கியத்தை வாசித்த நிமிடமே, மாற்றுத்திறனாளிகளின் துயரம் கௌரவ தவிசாளரின் நெஞ்சைப் பிசைந்துவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டினார்.

முதலில் 'அணுகல்' என்றால் என்ன என்று விவாதித்தார்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போடுவதுதான் அணுகல் என்று ஓர் உறுப்பினர் அடித்துச் சொன்னார். அவர் சீமெந்துக் கடை வைத்திருப்பவர். இணையத்தளத்துக்கு எத்தனை அடி சாய்தளம் வேண்டும், எத்தனை மூட்டை பிடிக்கும் என்றெல்லாம் கணக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். தளத்தைக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தத்தை எடுத்திருந்த றினாஸ் என்கிற இளைஞர் எழுந்து விளக்க வேண்டியதாயிற்று. பார்வையில்லாதவர்களின் போன், திரையில் இருக்கிறதை வாய்விட்டு வாசித்துக் காட்டும். படத்தை அதால் வாசிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு விவரணம் எழுத வேண்டும்.

என்ன எழுதலாம் என்று அடுத்த விவாதம். சபையின் தளத்தில் தவிசாளர் இல்லாத படம் கிடையாது. குப்பை உழவு இயந்திரத்தின் படத்திலும் ஓரமாக நின்றார். ஆகவே எல்லாப் படத்துக்கும் 'கௌரவ தவிசாளர் புன்னகைக்கிறார்' என்ற ஒரே விவரணத்தைச் சிங்களத்தில் இடுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. செத்தவீட்டுப் படத்துக்குமா என்று செயலாளர் கேட்டார். அன்றைக்கும் தவிசாளர் லேசாகப் புன்னகைத்துக் கொண்டுதான் இருந்தார் என்று உறுப்பினர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

இந்த இடத்தில் ஜீவராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தச் சாதனை முழுவதும் யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவர்.

ஜீவராணி ரெட்டைப்பாறைத் தோட்டம், அதே பணிய லயம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போயிற்று. கலுகல்தென்ன பஸ் தரிப்பிடத்தில், பெரிய குடை ஒன்றின் கீழ், பக்கத்து வீட்டு மேர்சியோடு சேர்ந்து பருப்பு வடையும் அவித்த கடலையும் விற்கிறாள். மேர்சி பொரிப்பாள், ஜீவராணி விற்பாள். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பஸ் கொண்டக்டர்மாரோடு சிங்களத்தில் சண்டை போட்டு, சிங்களத்திலேயே சிரிக்கவும் வைத்துவிடுவாள். யோகராஜ் தினமும் காலையில் அவளிடம் இரண்டு வடை வாங்கித்தான் சபைக்குள் நுழைவார். இந்த உத்தியோகம் அவருக்குக் கிடைத்தபோது லயத்தில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. சபைக்குள் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்று இன்றைக்கும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம் சொல்லுவாள்.

அந்தப் பஸ் தரிப்பிடத்தை மூடப்போகிறார்கள். பாலத்துக்கு அப்பால் புது பஸ் நிலையம் எழும்பிவிட்டது. அதற்குள் குடையும் கூடையுமாக யாரும் உட்காரக் கூடாது, கடை இருந்தால்தான் வியாபாரம். கடைகளில் ஒன்றை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு ஒதுக்கியிருந்தது சபை. தாய்லாந்து ஆசைக்குப் பிறகு வந்த தீர்மானம்தான், என்றாலும் நல்ல தீர்மானம். அந்தக் கடை கிடைத்தால் ஜீவராணிக்குப் பிழைப்பு. கிடைக்காவிட்டால் பஸ் வராத பாதையில், குடையின் கீழ், ஆறிப்போன வடை.

கடைக்கு விண்ணப்பிக்கும் முறையை வகுத்தபோதுதான் சபையின் முற்போக்குச் சிந்தனை உச்சத்தைத் தொட்டது. தளம் எல்லோராலும் அணுகக்கூடியதாகிவிட்டபடியால், கடதாசி விண்ணப்பம் ரத்து. தளத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம். அதோடு, இன்னொருவர் உதவியோடு நிரப்பினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். உதவி செய்வது மாற்றுத்திறனாளிகளின் 'சுயமரியாதை'யைப் பாதிக்கும் என்று தவிசாளர் உருக்கமாகப் பேசினார். சீமெந்துக் கடை உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தமிழ்ப் பக்கம் முழுவதையும் யோகராஜ் தன் பழைய எழுத்துருவிலேயே தட்டிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்த றினாஸ் தலையைச் சொறிந்தார்.

"சேர், இது யூனிகோட் இல்லயே. கண்ணுக்குத்தான் தமிழ். போன் இத வாசிக்காது, ஏபிசிடி சொல்லும்."

"இத்தன வருஷமா இதுலதான் அடிக்கிறேன். யாரும் ஒரு குத்தம் சொன்னதில்லயே."

"இத்தன வருஷமா யாரும் காதால கேக்கல்ல சேர். ஒரு மத்தியானம் போதும், மாத்திருவோம். மாத்திக் குடுக்கிறதுக்கே வழி இருக்கு."

அந்தப் புது யூனிகோட் எழுத்து தனக்கு வராது என்றார் யோகராஜ். அவர் தன் போனில் மனைவிக்கு நாள் முழுக்கத் தட்டி அனுப்புவதே அந்தப் புது எழுத்துத்தான் என்று றினாஸ் சுட்டிக்காட்டினார். அது வேறு, உத்தியோகபூர்வத் தமிழ் வேறு என்று யோகராஜ் பேச்சை முடித்தார். றினாஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு போனார். கொடுத்ததைத் தளத்தில் ஏற்றுவது ஒன்றுதான் அவருடைய ஒப்பந்தம்.

பரீட்சைக் கூட்டம் வந்தது. மேசை நடுவில் போனை வைத்தார்கள். பார்வையில்லாதவர்கள் பழக்கத்தினால் மிக வேகமாகத்தான் கேட்பார்கள் என்று சொல்லி, றினாஸ் வேகத்தைக் கூட்டி வைத்தார். சிங்களப் பக்கத்தைத் திறந்ததும் கௌரவ தவிசாளர் புன்னகைத்தார். மறுபடி புன்னகைத்தார். பக்கம் முடியும்வரை புன்னகைத்துக்கொண்டே இருந்தார். கடை அறிவித்தலைச் சிங்களத்தில் படமாகத்தான் போட்டிருந்தார்கள், ஆகவே அதற்கும் அவர் புன்னகைத்தார். ஆங்கிலப் பக்கம் 'விரைவில்' என்றது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தார்கள்.

"ஜீபீயூஎன்ஜேஆர்ஆர்ஐஜீகேஎச்டபிள்யூசெமிகொலங்டபிள்யூஜேசெமிகொலங்ஜேபீ" என்று பொரிந்து தள்ளியது போன்.

யோகராஜ் தேத்தண்ணீரை மேசையில் வைத்தார். இனி நடக்கப்போவது மானக்கேடு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தவிசாளர் முகம் மலர்ந்து, "ஹரி ஷோக்" என்றார். மிகப் பிரமாதம் என்று அர்த்தம்.

தமிழ் இவ்வளவு வேகமான பாஷை என்று தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று செயலாளர் வியந்தார். தன் கடைக்கு வரும் தோட்டத்து ஆட்களும் இப்படித்தான் பேசுவார்கள், ஒரு சொல் பிடிபடாது என்று சீமெந்துக் கடைக்காரர் சாட்சி சொன்னார். தவிசாளருக்கு ஒரேயொரு சந்தேகம் இருந்தது. சொல்லுக்குச் சொல் 'செமிகொலங், செமிகொலங்' என்று வருகிறதே, அது என்ன என்று யோகராஜிடம் கேட்டார்.

இதுதான் நேரம். பழைய எழுத்துருவில் ஓர் எழுத்துக்கு மேல் புள்ளி வைக்க வேண்டுமானால் அரைப்புள்ளிச் சாவியைத் தட்ட வேண்டும், ஆங்கிலத்தில் அதற்கு செமிகோலன் என்று பெயர், வேகத்தில் அதுதான் செமிகொலங் ஆகிறது என்று யோகராஜ் சொல்லியிருக்கலாம். கேட்டது தமிழே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் விருது வந்தால் அவருடைய பதவி உயர்வுக்குத் தானே எழுதித் தருவதாகத் தவிசாளர் முதல்நாள்தான் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அது மரியாதைச் சொல்லுங்க சேர்" என்றார் யோகராஜ், நல்ல சிங்களத்தில். "எங்க ஆளுக எல்லாத்துக்கும் பின்னால 'ங்க' போடுவாங்க இல்லையா, வாங்க, போங்கன்னு. அதோட எழுத்து வழக்கு."

தவிசாளருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மறுநாளே ரெட்டைப்பாறைத் தோட்டத்துக் கோயில் கூட்டத்துக்குப் போனவர், கையெடுத்துக் கும்பிட்டு, "வணக்கம், செமிகொலங்" என்றார். சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கந்தையா என்கிற பெரியவர் ஒருத்தர் மட்டும் பதிலுக்கு, "உங்களுக்குந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு தவிசாளர் சந்தைக்குப் போனாலும் செமிகொலங், சாவுக்குப் போனாலும் செமிகொலங். யோகராஜ் இப்போது உண்மையைச் சொல்வதென்றால், தளம் பேசுவது தமிழ் இல்லை என்பதோடு, தவிசாளர் பேசுவதும் தமிழ் இல்லை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல அவர் பைத்தியக்காரர் இல்லை.

விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முந்தின நாள் ஜீவராணி மேர்சியின் கையைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தாள். யோகராஜின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று கேட்டு, நேராக அவர் மேசைக்கு வந்து நின்றாள். அலுவலகத்தில் யாரும் தன்னைத் 'தம்பி' என்று கூப்பிடுவது யோகராஜுக்குப் பிடிக்காது. ஜீவராணி அதைக் கண்டுகொள்ளவில்லை.

"தம்பி, கடைக்கு எழுதிப் போடணும்னு ஒரு கெழமையா போனோட மல்லுக்கட்டுறேன். இது என்னா பாஷைங்க?"

போனைத் தூக்கிப் பிடித்தாள். கே, எச், டபிள்யூ, செமிகோலன், டபிள்யூ என்று அது நிதானமாக ஓதியது. வேகத்தைக் குறைத்து வைத்திருந்தாள், அப்படியாவது விளங்குகிறதா பார்க்கலாமென்று. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அது. எத்தனை டபிள்யூ. யோகராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அது உத்தியோகபூர்வத் தமிழுங்க அக்கா. பழக்கமில்லாட்டி வெளங்காது."

"நம்ம பேரு கேக்குதா ஊரு கேக்குதான்னாச்சும் வெளங்கணுமே. சிங்களத்துல போட்டுப் பாத்தேன், தொரை சிரிக்கிறாருங்குது. எங்க தொட்டாலும் சிரிக்கிறாரு. நீங்க ஒரு கடதாசி குடுங்க, மேர்சி எழுதுவா, நான் கைநாட்டு வைக்கிறேன்."

கடதாசி இல்லை என்பதையும், மேர்சி எழுதினால் அவளுடைய சுயமரியாதை பாதிக்கப்படும் என்பதையும் யோகராஜ் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சுயமரியாதை போனால் பரவாயில்லை, கடை போகக் கூடாது என்றாள் ஜீவராணி. அது அவளுடைய தனிப்பட்ட விருப்பம் இல்லை, சபையின் கொள்கை என்றார் யோகராஜ்.

ஜீவராணி குரலைத் தாழ்த்தி, "இத எழுதினது நீங்கதானாமே" என்றாள். "ஒங்க கையாலதான் மாத்தலாம்னு அந்த றினாஸ் தம்பி சொல்லிச்சு. ஒரு மத்தியானந்தானாமே. எனக்கு வேறொண்ணும் வேணாம் தம்பி. நம்ம பேசற மாதிரி அது பேசுனா போதும்."

யோகராஜுக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. உண்மையாகவே செய்தது, அதை மறைப்பானேன்? இதே குரல்தான் தினமும், 'தம்பிக்குச் சூடா ரெண்டு' என்று மேர்சியிடம் சொல்லும். மாற்றிவிடலாமா என்று அவர் யோசித்த அந்த நேரத்தில், உள்ளேயிருந்து தவிசாளர், நடுவர்கள் நாளைக்குத் தளத்தைப் பார்க்கப்போகிறார்களாம், யாரும் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சத்தம் போட்டார். யோகராஜுக்கு அப்பாடா என்றிருந்தது.

"புது எழுத்து எனக்கு வராதுங்க அக்கா" என்றார். "விருது முடியட்டும். பாப்போம்."

மறுநாள் காலை அவர் ஒரு தரிப்பிடம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, பின்பக்கத்துப் படியால் சபைக்கு ஏறினார். வடை இல்லாமல் தேத்தண்ணீர் இறங்கவில்லை. அன்று மாலையோடு முடிவுத் திகதி முடிந்தது. மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விண்ணப்பம் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் பகுதியில் மாற்றுத்திறனாளிகளே இல்லை என்ற நிலையைச் சபை எட்டிவிட்டது என்று செயலாளர் இதைப் பெருமையாக அறிவித்தார்.

விருதும் கிடைத்தது. கொழும்பு நடுவர்கள் மூவரும் கண் நன்றாகத் தெரிந்தவர்கள். தமிழ்ப் பக்கத்தைக் கண்ணால் பார்த்து, எழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்று எழுதி வைத்தார்கள். விழாவை கலுகல்தென்னவிலேயே நடத்துவதென்றும், தளத்தால் பயனடைந்த ஒருவரை மேடையில் பேச வைப்பதென்றும் முடிவாயிற்று. யாரைப் பேச வைப்பது? தளத்தை மிக அதிக தடவை பயன்படுத்திய மாற்றுத்திறனாளி யார் என்று கேட்டபோது, ஒரே போனிலிருந்து ஒரு கிழமையாகத் திறந்திருப்பதைக் கணினியில் கண்ட றினாஸ், தன்னிடம் விசாரிக்க வந்த ஒருத்தியின் பெயரைச் சொன்னார். விடிய விடியத் தட்டித் தட்டிப் பார்த்துத் தோற்றவள் ஜீவராணி. ஆக, மிகச் சிறந்த பயனாளியும் அவளேதான்.

அழைப்பை யோகராஜ்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வர மாட்டாள் என்றே நம்பியிருந்தார். வருகிறேன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள். அவளிடம் கோபம் இல்லை என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. என்ன பேசுவது என்று ஒரு சின்னக் குறிப்புச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பாடமாயிருக்கு என்றாள்.

விழா மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கொழும்பு விருந்தினர்கள், நடுவில் ஊர்ச் சனம், பின்னால் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். தவிசாளர் விருதைக் கையில் ஏந்தி, "வணக்கம், செமிகொலங்" என்று தொடங்கினார். சிங்களத்தில் நீண்ட உரையாற்றினார். நடுவில் ஒரு சின்ன அறிவித்தலும் செய்தார். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய கடைக்கு யாரும் விண்ணப்பிக்காதபடியால், அது பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, போன் திருத்தும் கடைக்காக அவருடைய மச்சானுக்கு வழங்கப்படுகிறது. மச்சான் தடித்த கண்ணாடி போடுகிறவர், ஆகவே ஒதுக்கீட்டின் நோக்கத்துக்கும் பங்கம் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஜீவராணி மேடையில், மேர்சியின் பக்கத்தில், முகத்தைத் தூக்கி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சிங்களம் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

அடுத்தது அவளுடைய முறை. பயனாளி தமிழில் பேசுவார், திரு. யோகராஜ் உடனுக்குடன் சிங்களத்தில் மொழிபெயர்ப்பார் என்று அறிவித்தார்கள். யோகராஜ் இன்னொரு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஜீ பீ யூ என் ஜே ஆர், ஆர் ஐ ஜீ" என்று ஆரம்பித்தாள். "கே எச் டபிள்யூ செமிகொலங், டபிள்யூ ஜே செமிகொலங், ஜே பீ டபிள்யூ டி எச் எஸ் பீ. டீ பீ இஸட் செமிகொலங், இஸட் ஜீ செமிகொலங்."

போன் எப்படி ஓதுமோ அதே ராகம். ஒரு கிழமை முழுக்கக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தேவாரம்போல மனப்பாடமாகியிருந்தது. தடுமாறவே இல்லை. பின்வரிசையில் இருந்த தோட்டத்துச் சனம் ஒன்றும் விளங்காமல் நெளிந்தது. முன்வரிசை பக்தியோடு கேட்டது. ஒவ்வொரு செமிகொலங்குக்கும் தவிசாளர் தலையை ஆட்டி, பக்கத்தில் இருந்த பிரதம விருந்தினரின் காதில், என்ன மரியாதை பார்த்தீர்களா என்றார். ஜீவராணி முடித்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு எல்லோரும் யோகராஜைப் பார்த்தார்கள்.

ஒரு மனிதன் தன் கையால் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் இப்படிச் சபை நடுவில் கேட்க நேர்ந்தால் எப்படி இருக்கும்? ஆனால் யோகராஜ் சபையின் தமிழ். சபை கேட்டால் தமிழ் பேசியே ஆக வேண்டும். ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், சுத்தமான சிங்களத்தில் மொழிபெயர்த்தார்.

"பார்வையற்ற என் வாழ்வில் ஒளியேற்றிய கௌரவ தவிசாளர் அவர்களுக்கு என் இதயபூர்வமான நன்றி. இந்த இணையத்தளம் என் இரண்டு கண்கள். எனக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்று சொல்லுகிறார்."

மறுபடியும் கைதட்டல். பிரதம விருந்தினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் ஓயும்வரை ஜீவராணி காத்திருந்தாள். பிறகு, தவிசாளரின் குரல் வந்த திசைக்குத் திரும்பி, பஸ் தரிப்பிடத்தில் பேசுகிற அதே சரளமான சிங்களத்தில், ஒலிவாங்கியில் கேட்டாள்.

"மாத்தயா, நான் சொன்னது எனக்கே வெளங்கல. உங்க தளம் சொல்றதத்தான் நான் அப்பிடியே சொன்னேன். இவருக்கு மட்டும் எப்பிடி வெளங்கிச்சு?"

சிங்களத்தில் கேட்டபடியால் எல்லோருக்கும் விளங்கியது. கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, தோட்டத்துச் சனம் மொத்தமும் சிரிக்கத் தொடங்கியது. கந்தையா, "செமிகொலங்" என்று ஒரு குரல் கொடுத்தார். தவிசாளர் யோகராஜைப் பார்த்தார். யோகராஜ் ஒலிவாங்கியைப் பார்த்தார். என்ன நடந்தாலும் புன்னகைக்கப் பழகியிருந்த தவிசாளரின் முகம், பழக்கதோஷத்தில் அப்போதும் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தது. புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்துப் படத்தை எடுத்தார்.

என்ன ஆகுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டாம், ஒன்றும் ஆகவில்லை. அது தோட்டப்புறத்து நகைச்சுவை மரபு, பாராட்டியவுடன் ஒரு கேலி செய்வார்கள் என்று செயலாளர் பிரதம விருந்தினருக்கு விளக்கினார். எங்கள் பன்முகப் பண்பாடு என்று பிரதம விருந்தினர் நெகிழ்ந்தார். விருது தவிசாளரின் அறைக்குப் போயிற்று, தவிசாளர் தாய்லாந்துக்குப் போனார், கடை மச்சானுக்குப் போயிற்று. பஸ்ஸெல்லாம் பாலத்துக்கு அப்பால் போயிற்று. யோகராஜின் பதவி உயர்வுக் கடிதத்தில் 'சமயோசித மொழிபெயர்ப்பு' என்று விசேடமாகக் குறிப்பிட்டிருந்தார்கள்.

விழாப் படத்தைத் தளத்தில் போட வேண்டியிருந்தது. இந்த முறை விவரணம் தமிழிலும் இருக்கட்டும், அவள் உங்கள் ஆள்தானே என்று செயலாளர் சொல்லிவிட்டார். விவரணம் எழுதும் கட்டத்துக்குள் பழைய எழுத்துரு ஏறவில்லை. யோகராஜ் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் போனிலேயே தட்டி அனுப்பினார்.

பஸ் வராத பழைய தரிப்பிடத்தில், குடையின் கீழ், ஜீவராணி போனைத் தடவித் தளத்தைத் திறந்தாள். விழாவைப் பற்றி என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்கும் ஆவல்தான். ஜீ பீ யூ என்று வழக்கம்போல ஓதிக்கொண்டு வந்த போன், படத்துக்கு வந்ததும் திடீரென்று நல்ல தமிழில், பிசிறில்லாமல், பெண்குரலில் வாசித்தது.

"கௌரவ தவிசாளர் புன்னகைக்கிறார். அருகில், சபையின் சேவையால் பயனடைந்த திருமதி ஜீவராணி, ஆனந்தத்தில் பேச்சு வராமல் நிற்கிறார்."

மேர்சி வடைச் சட்டியிலிருந்து நிமிர்ந்து, என்னா சொல்லுது என்று கேட்டாள்.

"வெளங்குது மேர்சி. ஒவ்வொரு சொல்லும் வெளங்குது" என்றாள் ஜீவராணி.

ஆகவே யோகராஜுக்குப் புது எழுத்து வராது என்று இனி ஒருவரும் அவதூறு பேச வேண்டாம். அவளுக்குக் கடை வேண்டியிருந்தபோதுதான் அது அவருக்கு வரவில்லை. அவளைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டி வந்தபோது, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் வந்தது.